அல்கொஸ் என்ற சொல்லும் நாம் செய்யும் பிழைகளும்

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் இரண்டாம் அடியிலேயே ‘அல்கொஸ்’ வந்துவிடுகிறது. அவருடைய இன்னொரு காவியமான ஒடிசியில் நான்காம் அடியில். வலி என்று அகராதிகள் பொருள் சொல்லும் இந்தப் பழங்கிரேக்கச் சொல்லை நம்மில் பலர் முதலில் சந்திப்பதோ மருத்துவச் சீட்டில்தான்: தசைவலிக்கு மயால்ஜியா, மூட்டுவலிக்கு ஆர்த்ரால்ஜியா, நரம்புவலிக்கு நியூரால்ஜியா. சீட்டில் கற்ற பொருளோடு காவியத்துக்குள் போகிறவர்கள் அங்கே தடுமாறுகிறார்கள். கிரேக்க மூலத்தை அகராதியின் துணையோடு அடி அடியாகப் படிக்கத் தொடங்கிய நாட்களில் நானும் அந்த இரண்டு இடங்களிலும் ‘வலிகள்’ என்றே எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பேட்டைத் திருத்தும்போது தெரிந்துகொண்டவற்றையே இங்கே சொல்கிறேன்.

உடலா, மனமா என்று வெட்டுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அல்கொஸ் உடல்வலியைக் குறிக்கும் சொல், மனத்துயருக்கு வந்தால் அது உருவகம் என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். ஹோமரிடம் அது பெரும்பாலும் துயரத்தைக் குறிப்பதால் மனவேதனையே அதன் உண்மைப் பொருள் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல என்பதற்கு ஹோமரே சான்று வைத்திருக்கிறார்.

டிராய்க்குப் படையெடுத்த கிரேக்கர்களில் பிலோக்டெட்டிஸ் என்ற வில்லாளி ஒருவன். நீர்ப்பாம்பு கடித்த புண்ணோடு அவனை லெம்னொஸ் தீவில் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுகிறார்கள். இலியட்டின் இரண்டாம் காண்டம் அவனைப் பற்றிச் சொல்கிறது: ‘அவனோ ஒரு தீவில் கிடந்தான், கொடிய அல்கெய பட்டுக்கொண்டு.’ அல்கெய என்பது அல்கொஸின் பன்மை. பாம்புக்கடி, புண், கதறல் எல்லாம் உடல் சார்ந்தவை. (இவனையே நாயகனாக வைத்து சோஃபோக்ளீஸ் எழுதிய நாடகம் கி.மு. 409இல் ஏதென்ஸில் முதல் பரிசு பெற்றது. வலியின் கூச்சலையே மேடையேற்றிய நாடகம் அது.)

இப்போது ஒடிசியின் ஐந்தாம் காண்டத்துக்கு வாருங்கள். தேவர்களின் அவையில் அதீனா தேவி காவிய நாயகன் ஒடிசியஸுக்காகப் பேசுகிறாள். அவன் கலிப்ஸோவின் தீவில் சிக்கியிருக்கிறான். அவனுக்குப் புண் இல்லை, உணவுக்குக் குறைவில்லை, பக்கத்தில் ஒரு தேவமங்கை இருக்கிறாள். பகலெல்லாம் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்து அழுகிறான். அதீனா சொல்கிறாள்: ‘அவனோ ஒரு தீவில் கிடக்கிறான், கொடிய அல்கெய பட்டுக்கொண்டு.’ அதே அடி. கிடந்தான் என்பது கிடக்கிறான் என்று ஆனதைத் தவிர வேறு மாற்றமே கிடையாது.

ஒருவனுக்குக் காலில் புண், இன்னொருவனுக்கு வீட்டு நினைவு. கவிஞருக்கு ஒரே அடி போதுமானதாக இருந்திருக்கிறது. இந்த இரண்டு அடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று என் குறிப்பேட்டில் முதல் திருத்தம் விழுந்தது.

பன்மையையும் இங்கேயே கவனிக்க வேண்டும். ஹோமரிடம் இந்தச் சொல் பெரும்பாலும் பன்மையில் வருகிறது. ஒருமையும் உண்டு: ஹெராக்ளீஸின் மூன்று முனை அம்பு வலது மார்பில் பாய்ந்தபோது ஹேரா தேவியைப் பிடித்தது ஒரே ஒரு ‘ஆற்றவொண்ணா அல்கொஸ்’. ஆனால் பன்மையில் வரும்போது அவை யாரோ ஒருவர் மேல் வைக்கும் சுமைபோலவும் கொடுக்கும் பொருள்போலவும் நடந்துகொள்கின்றன. இலியட்டின் தொடக்கத்தில் கிரேக்க வீரன் அகிலீஸின் சினம் கிரேக்கர்கள் மேல் எண்ணற்ற அல்கெயவை ‘வைத்தது’. கொள்ளைநோய் அனுப்பிய அப்பொல்லோ அல்கெயவைக் ‘கொடுத்தான், இன்னும் கொடுப்பான்’. இன்னொரு பழங்கிரேக்கக் கவிஞரான ஹெசியோட் ஒரு படி மேலே போய், பூசல் என்ற தேவியான எரிஸ் பெற்ற பிள்ளைகளின் வரிசையில் பசிக்கும் மறதிக்கும் பக்கத்தில் ‘கண்ணீர் நிறைந்த அல்கெய’வையும் நிறுத்துகிறார். ‘வலிகள்’ என்று தமிழில் எழுதினால் இந்தக் கனம் வருவதில்லை.

யாருக்கு வலிக்கிறது?

வினைச்சொல்லை மொழிபெயர்க்கும்போது நடக்கும் பிழை வேறு வகை. தமிழில் ‘விரல் வலிக்கிறது’ என்கிறோம். விரல்தான் எழுவாய். வலிக்கு ஆளானவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார். கிரேக்கத்தில் ‘அல்கெயின்’ என்ற வினைக்கு எழுவாய் மனிதன். விரல் இரண்டாம் வேற்றுமையில் வந்து, எந்த இடம் என்பதை மட்டும் காட்டுகிறது.

இது வெறும் இலக்கணச் செய்தி என்று கடந்துபோனால் பிளேட்டோவின் குடியரசில் ஒரு முக்கியமான இடம் புரியாமல் போய்விடும். ஐந்தாம் நூலில் சாக்ரடீஸ் சொல்கிறார்: விரலில் அடிபட்டால் உடலும் உயிரும் சேர்ந்த முழு அமைப்புமே உணர்கிறது. அதனால்தான் அந்த மனிதன் விரலில் நோகிறான் என்று சொல்கிறோம். நல்ல நகரமும் அப்படித்தான், ஒரு குடிமகனுக்கு வந்தது எல்லாருக்கும் வந்ததாக வேண்டும். அவருடைய வாதம் முழுவதும் அந்த எழுவாயின் தோளில் நிற்கிறது. ‘மனிதனுக்கு விரல் வலிக்கிறது’ என்று மொழிபெயர்த்தால் வாக்கியம் இயல்பாக இருக்கும், ஆனால் வாதம் கீழே விழுந்துவிடும்.

நான் மேலே ‘நோகிறான்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நோ என்ற வினை நம்மிடம் இருப்பது பெரிய கொடை. ‘கால் நோகிறது’ என்றும் சொல்லலாம், ‘நான் நொந்துபோனேன்’ என்றும் சொல்லலாம். உறுப்பும் எழுவாயாகலாம், ஆளும் எழுவாயாகலாம். உடலுக்கும் பொருந்தும், மனத்துக்கும் பொருந்தும். இலங்கைத் தமிழர் இன்றும் கால் நோவதாகத்தான் பேசுகிறார்கள். ‘நோய்’ என்ற சொல்லும் சங்கப் பாடல்களிலும் குறளின் காமத்துப்பாலிலும் காதல் துயரைச் சுமந்தது. இன்று அது பிணி என்ற பொருளில் இறுகிவிட்டதால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ‘வலி’யோ பழந்தமிழில் வலிமையைக் குறித்த சொல். ஆகவே அல்கொஸுக்கு என் தேர்வு ‘நோவு’.

உறவுச் சொற்களைக் கலப்பது

வலிக்குக் கிரேக்கத்தில் சொல் ஒன்று மட்டும் இல்லை. ‘ஒதுனே’ என்பது குத்தும் வலி, கூர்மையான வலி. இலியட்டின் பதினோராம் காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னொன் காயம்பட்டும் போரிடுகிறான். இரத்தம் சூடாக வழியும்வரை ஒன்றும் தெரியவில்லை. காயம் உலர்ந்து குருதி நின்றதும் கூரிய ஒதுனைகள் அவனைப் பிடிக்கின்றன. பிள்ளைப்பேற்றில் துடிக்கும் பெண்ணுக்கு வரும் வேதனையோடு ஹோமர் அதை ஒப்பிடுகிறார். அரசர்க்கரசனின் போர்க்காயத்தை அளக்கப் பேறுகால வேதனையை எடுத்தது எவ்வளவு ஆழமான தேர்வு! இங்கே அல்கொஸ் இல்லை, இருப்பதாக எழுதவும் கூடாது. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒடிசியஸ் என்ற பெயரே ஒதுனேயிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் ஒடிசியின் பத்தொன்பதாம் காண்டத்தில் பாட்டன் ஔதொலிகொஸ் பெயர் வைக்கும்போது சொல்லும் காரணம் சினம், வெறுப்பு என்ற பொருளுடைய வேறொரு வினை.

‘லூப்பே’ இன்பத்துக்கு எதிர்ச்சொல். தத்துவ நூல்களில் அதற்குத் ‘துன்பம்’ சரியாகப் பொருந்தும். ‘பதொஸ்’ என்பது ஒருவருக்கு நேர்வது. அது வலியாகவே இருக்க வேண்டியதில்லை. ‘பொனொஸ்’ பழங்கிரேக்கத்தில் முதலாவதாகக் கடும் உழைப்பு, பாடு. மருத்துவ நூல்களில் வலிக்கும் வருகிறது. இன்றைய கிரேக்கத்தில் வலிக்கு அன்றாடச் சொல் இதுதான். தலைவலிக்கு மாத்திரை கேட்கும் ஏதென்ஸ்காரர் அல்கொஸைச் சொல்ல மாட்டார்.

ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் ‘பெயின்’ என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதும் அரைகுறை உண்மை. அதன் வேர் ‘பொய்னே’. அது லத்தீனில் பொயேனா ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பொய்னே என்றால் வலியல்ல, கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பொருள். அகிலீஸின் கேடயத்தில் பொறித்த ஊர்ச்சபைக் காட்சியில் இருவர் வழக்காடுவது கொல்லப்பட்ட ஒருவனுக்கான பொய்னேயைப் பற்றித்தான். நீதிமன்ற அழைப்பாணையைக் குறிக்கும் ‘சப்பீனா’வில் அந்தத் தண்டனைப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஒலி ஒற்றுமை இன்னும் சிலரை ஏமாற்றுகிறது. அல்காரிதம் அல்குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயர். அல்ஜீப்ரா அரபுச் சொல். இறந்த உடல் குளிர்வதைத் தடய மருத்துவத்தில் ‘அல்கோர் மார்ட்டிஸ்’ என்பார்கள். அந்த அல்கோர் குளிரைக் குறிக்கும் லத்தீன் சொல். இவற்றில் எதற்கும் அல்கொஸோடு உறவில்லை.

புதிய சொல்லைப் பழையது என்று நம்புவது

‘பண்டைய கிரேக்கர்கள் நாஸ்டால்ஜியா என்று அழைத்தார்கள்’ என்று தொடங்கும் கட்டுரைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் அப்படி அழைக்கவில்லை. 1688இல் பாசெல் நகரில் யொஹானெஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக நொஸ்தொஸ் என்ற வீடுதிரும்பலையும் அல்கொஸையும் ஒட்டி உண்டாக்கிய சொல் அது. அவர் எழுதியது இனிய பழைய நினைவுகளைப் பற்றி அல்ல. அயலில் இருந்தவர்கள் ஊர் ஏக்கத்தால் காய்ச்சல்கண்டு மெலிந்த ஒரு பிணியைப் பற்றி. கலிப்ஸோவின் கரையில் அழுத ஒடிசியஸுக்கு நொஸ்தொஸும் தெரியும், அல்கெயவும் தெரியும். இரண்டையும் ஒரே சொல்லாக அவன் கேட்டதில்லை.

நியூரால்ஜியாவும் பிற்காலப் படைப்பே. ஹோமரிடம் நெவுரொன் என்றால் நரம்பல்ல, தசைநாண். மாட்டின் தசைநாணில் திரித்த வில்நாணும் அதுவே. தலைவலிக்கான ‘கெஃபலல்கியா’வோ உண்மையான பழஞ்சொல், பழைய மருத்துவ நூல்களிலேயே உண்டு. ‘கர்தியல்கியா’வும் பழையதுதான். ஆனால் இதயவலி என்று அதைப் பெயர்த்துவிடாதீர்கள். பழைய மருத்துவர்கள் இரைப்பையின் வாயையும் கர்தியா என்றார்கள். அவர்கள் சொன்னது நெஞ்செரிச்சலை.

மருத்துவச் சீட்டைப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: ஆல்ஜியா என்று முடிந்தால் வலி என்று மட்டுமே பொருள். ஐட்டிஸ் என்று முடிந்தால் இன்றைய மருத்துவத்தில் அழற்சி. ஆர்த்ரால்ஜியா எல்லாம் ஆர்த்ரைட்டிஸ் ஆகிவிடாது.

வலிநீக்கத்தைக் குறிக்கும் ‘அனால்ஜீசியா’ இன்னும் வியப்பானது. சொல் பழையது, மதிப்புத்தான் தலைகீழாகிவிட்டது. அரிஸ்டாட்டில் ‘அனல்கேசியா’ என்பதை ஒரு குறையாகப் பார்த்தார். யூதெமிய அறநூலில் கடுஞ்சினம் ஒரு முனை, அனல்கேசியா மறுமுனை, நடுவில் நிற்பது சாந்தம். நிக்கொமாக்கிய அறநூலின் முதல் நூலிலும், பெரிய இடர்களை ஒருவன் அமைதியாகத் தாங்கும்போது அவனுடைய சிறப்பு ஒளிவிடுகிறது, நோவு உறைக்காததால் அல்ல, பெருந்தன்மையால் என்கிறார். இன்று மாத்திரை அட்டையில் நாம் தேடும் குணம் அவருக்கு மரத்துப்போன மனத்தின் அடையாளம். இந்த இடங்களில் ‘வலிநீக்கம்’ என்று மொழிபெயர்த்தால் வாக்கியம் பொருளற்றுப்போகும்.

ஒடிசியின் நான்காம் காண்டத்தில் ஹெலன் மதுவில் கலக்கும் எகிப்திய மருந்தையும் வலிநிவாரணி என்று எழுதிவிடுகிறார்கள். கவிஞர் அதை ‘நேபெந்தெஸ்’ என்கிறார். பெந்தொஸ் என்பது இறந்தோருக்காகப் படும் துயரம், அதை இல்லாமல் ஆக்குவது அந்த மருந்து. பெற்றோர் இறந்தாலும் அன்றைக்குக் கண்ணீர் வராது என்று கவிதையே விளக்கிவிடுகிறது.

எழுத்துக்கூட்டல்

அல்கோஸ் என்று நெடிலில் எழுதுவதைப் பரவலாகப் பார்க்கிறேன். கிரேக்கத்தில் ஒகர ஓகாரங்களுக்கும் எகர ஏகாரங்களுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு, நம்மைப் போலவே. இங்கே இருப்பது குறில். எனவே அல்கொஸ். க என்பதைத் ‘தங்கம்’ என்பதில் வருவதுபோல ஒலிக்க வேண்டும். ஆல்ஜியாவில் வரும் ஜகரம் ஆங்கில வழக்கு. ‘சொல்’ என்று பொருள்படும் லொகொஸ் போலவே முடிவதால் இதை ஆண்பால் சொல் என்று எண்ணிப் பன்மையை ‘அல்கொய்’ என்று ஆக்குவதும் தவறு. இது அஃறிணைபோன்ற மூன்றாம் பாலைச் சேர்ந்தது. ஹோமரிடம் பன்மை அல்கெய, ஏதென்ஸ் வழக்கில் அல்கே.

ஒரே சொல்லுக்கு ஊருக்கொரு பெயர்

கடைசியாகச் சொல்வது நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் பிழை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும் என்று ஓரிடத்தில் துயர், ஓரிடத்தில் வேதனை, ஓரிடத்தில் அல்லல் என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். அப்படிச் செய்தால் பிலோக்டெட்டிஸும் ஒடிசியஸும் ஒரே அடியில் கிடப்பது தமிழில் தெரியாது.

இன்னொன்றும் தெரியாமல் போகும். இலியட்டின் இருபத்து நான்காம் காண்டத்தில் மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு டிராயின் முதிய அரசர் ப்ரியம், மகனைக் கொன்ற அகிலீஸின் கூடாரத்துக்கே வருகிறார். இருவரும் அவரவர் இறந்தோரை நினைத்து அழுகிறார்கள். பிறகு அகிலீஸ் அவரைக் கைபிடித்து எழுப்பி, இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்கிறான்: ‘எவ்வளவு துயரிலிருந்தாலும், நம் அல்கெயவை நெஞ்சிலேயே கிடக்க விட்டுவிடுவோம்.’ முதல் காண்டத்தில் அவனுடைய சினம் மற்றவர்கள் மேல் வைத்த அதே சொல். அங்கே ‘வைத்தது’ என்ற வினை, இங்கே ‘கிடக்க’ என்ற வினை. என் குறிப்பேட்டில் இப்போது இரண்டு இடங்களிலும் ‘நோவுகள்’ என்று இருக்கிறது.