இன்றைய முடி, மூன்று மாதத்துக்கு முந்தைய கதை

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு வாரம் கடுமையான காய்ச்சல். தேறி எழுந்து, அதை மறந்தும் போய், கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வர ஆரம்பித்தது. பயந்துபோய் எண்ணெயை மாற்றினேன், ஷாம்பூவை மாற்றினேன், யார் எதைச் சொன்னாலும் வாங்கித் தேய்த்தேன். இன்னும் சில மாதத்தில் கொட்டுவது நின்றது. கடைசியாக வாங்கிய எண்ணெய்க்கு நல்ல பெயர் கிடைத்தது, நாலு பேருக்குச் சிபாரிசு வேறு செய்தேன். அந்த எண்ணெய்க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி டயட் என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பங்கு திடீரென்று ஓய்வுக்குப் போய்விடும். அப்படி ஓய்வுக்குப் போன முடி உதிர 2, 3 மாதம் ஆகும். அதனால் முடி கொட்டினால் நேற்று போட்ட ஷாம்பூவைத் திட்டாதீர்கள், காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். (ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும், அதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.)

இன்னும் கண்கூடாகப் பார்க்க வேண்டுமா? கை விரல் நகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெரிய காய்ச்சல் வந்துபோனவர்களுக்கு நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக் கோடு இருக்கலாம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கோடு அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் நீங்கள் படுத்திருந்தீர்கள் என்று அர்த்தம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும், தோலின் மேலடுக்கு முழுசாகப் புதுசாக ஒரு மாதம், வயது ஏற ஏற இன்னும் கூடுதலாக ஆகும். ஆக, முடிக்கும் தோலுக்கும் நல்லது என்று சாப்பாட்டை மாற்றிவிட்டு பத்தாம் நாள் கண்ணாடியைப் பார்த்து ஏமாறுவதில் பயனில்லை. தோலுக்கு ஒன்றிரண்டு மாதம், முடிக்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுங்கள்.

சரி, எதை மாற்றுவது? முதலில் புரதம். முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை, உடம்பில் புரதம் குறைந்தால் இதயத்துக்கும் தசைக்கும் கொடுத்துவிட்டு முடிக்குத்தான் முதலில் கைவிரிக்கும். பொதுவான கணக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 0.8 கிராம், அதாவது 60 கிலோ இருப்பவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கப் கெட்டியாக வெந்த பருப்பில் 15 கிராமுக்கு மேல். ஒரே ஒரு நாள் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பாருங்கள். காலையில் பிரெட்டும் டீயுமாக ஓட்டுபவர்களுக்கு அந்தக் கூட்டல் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும், எனக்கு இருந்தது.

அடுத்தது இரும்பு. மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு இது முக்கியம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெர்ரிட்டின் டெஸ்ட் தனி, அதையும் கேட்டு எடுங்கள். கீரை, பருப்பு, பயறு இவற்றில் இருக்கும் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. அதற்கு ஒரு துணை வேண்டும், அதுதான் வைட்டமின் சி. வெந்த பருப்பை இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள், இல்லை சாப்பாட்டோடு ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ எடுத்துக்கொள்ளுங்கள், போதும். அடுப்பில் கொதிக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி-யில் ஒரு பங்கு சூட்டில் போய்விடும். டீ, காபி இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும், அதனால் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காசே செலவாகாத மாற்றம், ஆனால் இதைத்தான் யாரும் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

வைட்டமின் சி-க்கு இன்னொரு வேலையும் உண்டு. தோலைத் தாங்கும் கொலாஜனை உடம்பு கட்டுவதற்கு அது வேண்டும், அது இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் வரும், புண் ஆறாது. கொலாஜன் பவுடர் வாங்கும் முன் தட்டில் பழம் இருக்கிறதா என்று பாருங்கள். கேரட், பூசணி மாதிரி ஆரஞ்சு நிறக் காய்களைக் கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தால் அதிலிருக்கும் சத்து நன்றாக ஒட்டும். அளவுக்கு மீறி தினமும் கேரட் ஜூஸாகக் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகும், ஆபத்தில்லை, ஆனால் யாராவது மஞ்சள் காமாலையா என்று கேட்பார்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். முடிக்கு என்று விற்கும் பயோட்டின் ஒரு பி வைட்டமின், அதன் குறைபாடு அபூர்வம், குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் மாத்திரையாக அதிகமாகப் போனால் முடியைக் கொட்டவே வைக்கும், அதுவும் கர்ப்பமாக இருப்பவர்கள் வைட்டமின் ஏ மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தாகத்துக்குக் குடியுங்கள், அவ்வளவுதான். எட்டு டம்ளர் குடித்தால் வறண்ட தோல் பளபளக்கும் என்பது நம்பிக்கை, வறண்ட தோலுக்குக் குளித்த ஈரம் காயும் முன் பூசும் மாய்ஸ்சரைசர்தான் வேலை செய்யும். பரு இருப்பவர்கள் இனிப்பையும் மைதாவையும் இரண்டு மூன்று மாதம் குறைத்துப் பாருங்கள், சிலருக்கு நன்றாகவே குறைகிறது, சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை.

எவ்வளவு நல்ல சாப்பாடும் வெயிலை ஈடுகட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் நாலரை வருடம் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், தோன்றியபோது மட்டும் பூசியவர்களின் தோலைவிடக் குறைவாகவே முதிர்ந்திருந்தது. எஸ்.பி.எஃப். (சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் வெயில் பாதுகாப்பு எண்) 30 போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. தூக்கத்தையும் ஏமாற்ற முடியாது. ஸ்வீடனில் 23 பேரை நன்றாகத் தூங்கவிட்டு ஒரு படம், 31 மணி நேரம் விழிக்க வைத்து ஒரு படம் எடுத்து, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். தூங்காத முகத்துக்கு அழகிலும் ஆரோக்கியத்திலும் மதிப்பெண் குறைவு. சிகரெட் பிடிப்பவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விட வேண்டும், தோலுக்குப் போகும் ரத்தத்தையே அது குறைக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் நான் எண்ணெயை நம்பிய கதைதான், எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒன்றிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள், ஒரே ஜன்னல் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம், வகிடு தெரிய இன்னொன்று. மூன்றாம் மாதம் அதே ஜன்னல், அதே நேரம். நடுவில் பார்க்காதீர்கள்.

வட்டமாக ஓரிடத்தில் முடி காலியானால், ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால், முடியோடு சோர்வும் குளிர் தாங்காமையும் சேர்ந்தால் (தைராய்டாக இருக்கலாம்), இதையெல்லாம் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள், முக்கியமாக அந்தப் பயோட்டின் டப்பாவை. அது தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவையே தப்பாகக் காட்டிவிடலாம்.