மேடையேறத் தொடங்கும் இளம் வயலின் கலைஞர்கள் செய்யும் தவறுகள்

வயலின் மேதை லால்குடி ஜெயராமன் 12 வயதிலேயே பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கத் தொடங்கியவர். கோவையிலும் ஈரோட்டிலும் பிள்ளையை அவசரமாக மேடையேற்றும் பெற்றோர் இதை எடுத்துச் சொல்வது வழக்கம். அவருக்கு அப்பா கோபால ஐயரே குரு, வீடே பாடசாலை என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

ஆரம்ப வருடங்களில் கிடைப்பது பெரும்பாலும் பக்கவாத்தியம்தான். ஆனால் வீட்டில் நடக்கும் சாதகமோ, அதாவது பயிற்சியோ, தனிக் கச்சேரிக்கானது. வர்ணம், கீர்த்தனை, பாடம் செய்த ஸ்வரம், அவ்வளவுதான். அடுத்தவர் பாடுவதைக் கேட்டபடியே வாசிக்கும் பழக்கம் வருவதில்லை. பாதித் தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பாடகர் கல்யாணி ராகத்தைப் பாட்டு வரிகள் இல்லாமல் விரித்து ஆலாபனை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நி' என்னும் நிஷாதத்தில் நின்று விதவிதமாக அதையே சுற்றுகிறார். அதற்கு அடுத்த 'ஸ', அதாவது மேல் ஷட்ஜம், எப்போது வரும் என்று சபையே காத்திருக்கிறது. அதற்குள் வயலின் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டால் அவர் கட்டியது அத்தனையும் போச்சு. தப்பு ஸ்வரம்கூட இவ்வளவு கெடுக்காது. பின்தொடரும்போது வில்லை லேசாகப் போட்டு, அவர் நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். உங்கள் முறை வந்ததும் தாராளமாக வாசிக்கலாம். அப்போதும் அவர் ஐந்து நிமிடம் பாடியதற்கு நீங்கள் பத்து நிமிடம் எடுக்கக் கூடாது. அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனா ஸ்வரத்துக்கும் இதே கணக்குதான்.

அடுத்தது சுருதி. குரு வீட்டில் ஒரே கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) பழகியவர்கள், ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கும் ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கும் அதே வயலினோடு போய் உட்காரும்போது திணறுகிறார்கள். தந்தியின் இறுக்கம் மாறினால் விரலுக்கும் வில்லுக்கும் எல்லாமே மாறிவிடும். முடிந்தால் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டு சுருதியிலும் தினமும் வாசித்தாக வேண்டும். கச்சேரியன்று காலையில் புதுத் தந்தி மாட்டுவதும் வேண்டாம். அது இழுபட்டு அடங்கும்வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கரூர், ஈரோடு வெயிலில் பூட்டிய காருக்குள் பெட்டியை விட்டுப் போனால் ஒட்டிய பசை இளகிவிடும். காற்று காய்ந்தால் தந்தியை முறுக்கும் பிரடையும் நிற்காமல் வழுக்கும்.

அகில இந்திய வானொலி தேர்வு வைத்துக் கலைஞர்களுக்குத் தரும் கிரேடுக்கு அவசரம் வேண்டாம். பி, பி-ஹை, ஏ என்று ஏறும் படிகள் எங்கும் ஓடிப்போகாது.

முகூர்த்த மாதங்களில் கல்யாண ரிசப்ஷன்களுக்குக் கூப்பிடுவார்கள். சினிமாப் பாட்டு வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை, காசும் வரும். ட்ராக் ஓடவிட்டு, ஸ்பீக்கர் அலறலில் மாதக்கணக்கில் வாசித்தால் மட்டும் காது மந்தப்பட்டு, வில்லின் நாதமும் தேய்ந்துவிடும். அந்த மாதங்களில் மைக் இல்லாமல், தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு, நீளமாக வில் போட்டுச் சாதகம் செய்வதை விடவே கூடாது.

அப்புறம் பணம். நம்ம ஊர் மரியாதை, "நீங்களே பாத்துக் குடுங்க" என்று சொல்லவைத்துவிடும். கச்சேரி முடிந்து கவரைப் பிரித்தால் உடுமலை போய்வந்த செலவுக்கே சரியாக இருக்கும். சம்பாவனை (சன்மானம்) எவ்வளவு, போக்குவரத்து தனியா, மிருதங்கக்காரரும் நீங்களும் ஒரே காரில் வருவதா என்பதை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள். "எவ்வளவுங்க குடுப்பீங்க?" என்று கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் சபா, கேட்காமல் போனாலும் கூட்டித் தரப்போவதில்லை.