யூரின் டெஸ்ட் நார்மல் என்றால் புராஸ்டேட்டும் நார்மலா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஐம்பதைத் தாண்டியவரிடம் "அண்ணே, புராஸ்டேட் பார்த்தீங்களா?" என்று கேட்டால், "யூரின் டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்" என்று பதில் வரும். தவறுகளில் பெரியது இதுதான். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. லேபில் வழக்கமாகச் செய்யும் யூரின் டெஸ்டில் சர்க்கரை, புரதம், சீழ்ச்செல், ரத்த அணு போன்றவைதான் தெரியும். புராஸ்டேட் புற்றுநோய் அதில் தெரியாது. அதற்கு முதலில் எடுப்பது பிஎஸ்ஏ. அது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை.

அப்படியானால் சிறுநீரிலேயே கண்டுபிடிக்கலாம் என்று வரும் செய்தி பொய்யா? இல்லை, அது வேறு டெஸ்ட். புராஸ்டேட்டிலிருந்து உதிரும் செல்கள் சிறுநீரில் கலந்து வரும். அவற்றில் புற்றுநோய்க்குரிய ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறு) இருக்கிறதா என்று தேடுவார்கள். பிசிஏ3 என்ற டெஸ்டுக்கு அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஒருமுறை பயாப்ஸியில் (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதில்) ஒன்றும் அகப்படாதவருக்கு இன்னொரு பயாப்ஸி வேண்டுமா என்று முடிவெடுக்கத்தான். டிஎம்பிஆர்எஸ்எஸ்2, இஆர்ஜி என்ற இரண்டு மரபணுக்கள் இந்தப் புற்றுநோயில் ஒட்டிக்கொள்வதை 2005இல் கண்டறிந்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு. பெயரைக் கேட்டதும் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்! அதையும் இன்று சிறுநீரில் தேடுகிறார்கள். ஆனால் எதில் சந்தேகம் வந்தாலும் உறுதி செய்வது பயாப்ஸிதான். பாசிட்டிவ் என்றதும் வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

மாதிரி கொடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். கிருமி பார்க்கும் கல்ச்சருக்கு முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிக்கச் சொல்வார்கள். அதே பழக்கத்தில் இதற்கும் பிடித்தால் வேண்டியது கீழே போய்விடும். பிசிஏ3க்கு டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்திப் பார்த்த பிறகு, முதலில் வரும் சிறுநீர்தான் வேண்டும். இதற்குக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் பாட்டிலில் பிடித்து மதுரை பஸ்ஸில் கொண்டுபோவதும் வேண்டாம். ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். உடனே அதற்கான திரவக் குழாயில் மாற்ற வேண்டும்.

அப்புறம், எதற்கெடுத்தாலும் "சூடு". படகில் தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் கடுப்பு வரலாம், மோரும் இளநீரும் குடிக்கலாம், சரி. ஆனால் சிறுநீரில் ஒரே ஒருமுறை ரத்தம் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், யூராலஜி டாக்டரிடம் போக வேண்டும். ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுவதற்கு வயதால் வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கமும் காரணமாக இருக்கலாம். புற்றுநோயோ ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் 45 வயதிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகைப் பழுது பார்க்கும்போது உடம்பையும் பார்க்கலாம்.

சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பிஎஸ்ஏ எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆறிச் சில வாரம் கழித்து எடுங்கள். வீக்கத்துக்கு ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து தெரியும். டெஸ்டுக்குப் போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.