ருமேனிய மருத்துவச் சொற்களுக்கு ஒரு குறுக்குவழி

ருமேனிய மொழியில் பெண்பால் பெயர்ச்சொல்லைப் படிக்கும்போதே பன்மையையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். பன்மையின் கடைசியில் ஓர் ‘இ’ சேர்த்தால், ஒருமையின் ஆறாம், நான்காம் வேற்றுமைகள் இரண்டும் கைக்கு வந்துவிடும்.

தமனி ‘ஆர்த்தேரா’, பன்மை ‘ஆர்த்தேரே’. ‘தமனியின்’, ‘தமனிக்கு’ இரண்டுக்கும் ‘ஆர்த்தேரேய்’. இதயம் ‘இனிமா’, பன்மை ‘இனிமி’. ‘இதயத்தின்’ என்று எழுத இன்னொரு இகரம், அவ்வளவுதான். (பேச்சில் பன்மையின் கடைசி இகரம் காதில் விழுவதே அபூர்வம், எழுத்தை நம்புங்கள்.) காரணம், கடைசி ‘இ’ ஒட்டாதபோது பெண்பாலில் இந்த வேற்றுமைகளின் ஒருமை வடிவமும் பன்மையும் ஒன்றேதான். கடைசியில் ஒட்டும் ‘இ’ ஆங்கிலத்து ‘தி’ போன்ற சுட்டு.

ஆனால் ‘இயே’ என்று முடியும் சொற்களில் இது செல்லாது. மருத்துவத்தில் அவைதான் ஏராளம். ரத்தசோகை ‘அனெமியே’: ஒருமையோடே இகரம் சேர்த்து ‘அனெமியேய்’ என்க. தோலைக் குறிக்கும் ‘பியேலே’யும் அடங்காது; பன்மை ‘பியேய்’, வேற்றுமையோ ‘பியேலீ’. அதைத் தனியாகப் படிக்க வேண்டியதுதான்.

ஆண்பாலுக்கும் பொதுப்பாலுக்கும் இந்த வழியே வேண்டாம். ஒருமையோடு ‘லுய்’ சேரும்: கல்லீரல் ‘ஃபிகாத்’, கல்லீரலின் ‘ஃபிகாத்துலுய்’.