விடுதியில் புதிய மாணவர்களை வரவேற்கும் நாள்: பிரியும் நேரத்தை முன்பே குறித்துவிடுங்கள்

விடுதிப் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில் வரவேற்புப் பலகை எழுதுவதிலேயே இரண்டு நாட்களைச் செலவிட்டேன். அதைப் பிள்ளைகள் எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதன்பின் மாற்றியமைத்த முறையைப் புதிய காப்பாளர்களுக்காக எழுதுகிறேன். அறை ஒதுக்கீடும் சேர்க்கைப் படிவங்களும் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எல்லாரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். அரை மணிக்கு ஐந்தாறு குடும்பங்கள் போதும். பழைய மாணவர்கள் மறுநாள் வரட்டும். புதியவர்களுக்குத் துணை மாணவர்களாக நிற்கப்போகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே வரவேண்டும்.

படி 2: பெயர்ப்பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுப் பரீட்சை அட்டையில் செருகிக்கொள்ளுங்கள். செயலியில் தேடுவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் கைப்பேசிக்குள் குனிந்தபடி பெயரைக் கேட்கும் காப்பாளரைப் பிள்ளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பட்டியலில் ‘வீட்டில் கூப்பிடும் பெயர்’ என ஒரு பத்தியைச் சேர்த்து, அந்தப் பெயரால் அழைக்கலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

படி 3: பெட்டி அறைக்குப் போகும் முன்பே மருந்துகளை மருத்துவச் சீட்டுடன் செவிலியரிடம் ஒப்படைக்கச் செய்யுங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும், உறையவிடக் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலரையும், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியையும் பூட்டி வைக்காதீர்கள். அவை உடனே எடுக்கும்படி அருகிலேயே இருக்கவேண்டும்.

படி 4: நான் தடுமாறிய இடம் இதுதான். முதல் ஆண்டில் பெற்றோர் விரும்பும்வரை இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு தந்தை கார்வரை போய்ப் போய் மூன்று முறை திரும்பி வந்தார். மகன் தண்ணீர்ப் புட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு சன்னல் ஓரத்திலேயே நின்றான், ஒவ்வொரு முறையும் அழுகை புதிதாகத் தொடங்கியது. இப்போது விடைபெறும் நேரத்தை ஒரு வாரம் முன்பே கடிதத்தில் தெரிவிக்கிறேன். படுக்கையைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விரிக்கட்டும்; அலமாரியைப் பாதி மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். மீதியைத் துணை மாணவனோடு பிள்ளை அடுக்கும்போது கைக்கு வேலையும் பேச்சுக்குப் பொருளும் கிடைத்துவிடும். சொல்லாமல் நழுவிப் போகப் பெற்றோரை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்; அழுதாலும் முகம் பார்த்து விடைபெறுவதே நல்லது.

“பிடிக்கவில்லை என்றால் உடனே வந்து கூட்டிப்போகிறேன்” என்ற வாக்குறுதியைத் தரவேண்டாம் என்றும் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு ஏக்கம் குறித்து அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய ஒப்பந்தத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. இங்கே தன்னால் இருக்க முடியாது என்று பெற்றோரே நினைப்பதாகப் பிள்ளை அதைப் புரிந்துகொள்கிறது.

படி 5: விளக்கு அணைப்பதற்கு முன், கழிவறைக்குப் போகும் வழியை இருட்டில் ஒரு முறை நடந்து காட்டுங்கள், இரவில் எந்தக் கதவைத் தட்டினால் நீங்கள் எழுவீர்கள் என்பதையும் காட்டுங்கள். விதிமுறைகளை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். தீ எச்சரிக்கை மணி அடித்தால் வெளியேறும் வழி மட்டும் அன்றே தெரிந்திருக்கவேண்டும்.

பின்சேர்க்கை: முதல் இரவே வீட்டுக்குப் பேச விடலாமா என்று காப்பாளர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. மாலையில், அடுத்து ஒரு விளையாட்டோ உணவோ காத்திருக்கும்போது பேசட்டும். பயணத் தாமதத்தால் இரவில் வந்து சேரும் பிள்ளையைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அதன் உணவைத் தனியே எடுத்து வையுங்கள்; துணை மாணவனை உறங்க அனுப்பாமல் வாசலிலேயே உங்களோடு காத்திருக்கச் செய்யுங்கள்.