செக் இன்ஜின் லைட் எரியுதா? ஸ்கேனர் சொருகறதுக்கு முன்னாடி

லைட் எரிஞ்சதும் நேரா சென்னை புதுப்பேட்டை பார்ட்ஸ் கடைக்கு ஓடி சென்சார் வாங்கிடாதீங்க. மொதல்ல பேட்டரி, வண்டி ஆஃப்ல 12.6 வோல்ட் கிட்ட, ஓடும்போது 13.5லேருந்து 14.5 வரைக்கும் இருக்கணும், கம்மியா இருந்தா ஈசியூ (இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) சம்பந்தமில்லாத கோடெல்லாம் (பழுத சொல்ற நம்பர்) போடும். அப்புறம் ஃபியூஸ், எர்த் வயர், வேளச்சேரி பக்கம் மழைத்தண்ணில ஓட்டிருந்தீங்கன்னா கனெக்டர கழட்டி ஈரமா, பச்சை பூத்திருக்கான்னு பாருங்க (இக்னிஷன ஆஃப் பண்ணிட்டு!), எலி கடிச்ச வயர் வேற நம்மூர்ல சகஜம்.

ஸ்டியரிங்குக்கு கீழ ஸ்கேனர் சொருகற 16 பின் ஓபிடி சாக்கெட் இருக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கிற ப்ளூடூத் ஸ்கேனர் ஆரம்பத்துக்கு போதும். கோட உடனே அழிக்காதீங்க, ஃப்ரீஸ் ஃப்ரேம்ல (கோட் விழுந்த நேரத்துல பதிவான ரீடிங்) ஆர்பிஎம், கூலன்ட் சூடு எவ்ளோன்னு போட்டோ எடுத்துக்கோங்க, அழிச்சா அதுவும் சேர்ந்து போயிடும். பி0171 (இன்ஜின்ல காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம்) வந்தா ஆக்ஸிஜன் சென்சார மாத்தறதுக்கு முன்னாடி வேக்குவம் ஹோஸ்ல காத்து லீக் ஆகுதான்னு தேடுங்க.