எழுதப்படாத காட்சியைப் பார்க்கும் முறை

இணைமாற்று உறவை, அதாவது கணவனும் மனைவியும் அறிந்தும் இசைந்தும் வேறொரு தம்பதியருடன் நெருங்குவதைக் காட்டும் வயது வந்தோர் படங்களில், வசனமும் ஒத்திகையும் இல்லாதவைபோல் எடுக்கப்பட்டவையே பலரைக் கவர்கின்றன. அந்தக் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் கண்டறியும் முறையை இங்கு எழுதுகிறேன். நான் திருகோணமலையில் கலியாண வீடியோ தொகுப்பவன். கமராவுக்கு முன்னால் இயல்பு தானாக வருவதையும் வரவழைக்கப்படுவதையும் நாள்தோறும் பார்ப்பவன்.

முதலில் கண்களைக் கவனியுங்கள். கோணேசர் கோவில் படிக்கட்டில் ஒரு மணப்பெண்ணின் சேலைத் தலைப்பைக் கடற்காற்று இழுத்தபோது அவர் சிரித்தார். கமராக்காரர் இன்னொரு முறை கேட்டதும் மீண்டும் சிரித்தார். முதற் சிரிப்பு முடிந்ததும் அவர் பார்வை மாப்பிள்ளையிடம் போயிற்று. இரண்டாவது முடிந்ததும் கமராவிடம் வந்தது. இணைமாற்றுப் படத்திலும் இதையே தேடுங்கள். புதியவர் ஒருவர் அருகில் வந்து அமரும்போது மனைவியின் கண் ஒரு கணம் கணவனைத் தேடுகிறதா, அவர் தலையசைக்கும் வரை கை தயங்குகிறதா என்று பாருங்கள். என் கருத்தில் இந்த வகைப் படங்களின் ஈர்ப்பு முழுவதும் அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. கேட்பதும் ஒப்புவதும் கூச்சத்தில் சிரித்து மழுப்புவதுமே இந்த உறவின் கதை, எழுதிய நாடகமோ நேரத்தை மிச்சப்படுத்த முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

அடுத்து ஒலியைக் கேளுங்கள். மின்விசிறியின் சத்தமும் இருவர் ஒரே நேரத்தில் பேசிக் குழம்புவதும் நம்பகத்தன்மையைத் தருகின்றன. ஆனால் காட்சிக் கோணம் மாறும்போது அந்த விசிறிச் சத்தமும் திடீரென்று மாறினால், அங்கே படப்பிடிப்பு நிறுத்தித் தொடங்கப்பட்டிருக்கக்கூடும். ஒரே கமரா இருந்ததாகச் சொல்லப்படும் அறையில், ஒருவர் பேசும் முகமும் மற்றவர் அதைக் கேட்கும் முகமும் இடைவெளியின்றி மாறிமாறி வந்தாலும் அவ்வாறே சந்தேகிக்கலாம். ஆடும் கமரா மட்டும் எதற்கும் சான்றாகாது. 1960களில் பிரான்ஸில் வளர்ந்த சினிமா வெரிட்டே என்ற ஆவணப்பட முறையினர், கமரா முன்னிலையில் இருப்பதே மனிதரின் நடத்தையைத் தூண்டுகிறது என்று ஏற்றுக்கொண்டே படமெடுத்தார்கள். படம்பிடிப்பவரே காட்சியில் பேசவும் பங்குகொள்ளவும் செய்யும் கொன்சோ முறையும் கமராவை மறைப்பதில்லை. கமரா இருப்பதை ஒளிக்காத படத்தை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இனி, திரைக்கு வெளியே பார்க்க வேண்டியது. வசனம் எழுதப்படாவிட்டாலும் இசைவு எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1988இல் இயற்றப்பட்ட சட்டம், இத்தகைய படத் தயாரிப்பாளர்கள் நடிப்பவரின் வயதுச் சான்றைப் பதிவேட்டில் வைத்திருக்கக் கோருகிறது. 2021இல் மாஸ்டர்கார்ட் நிறுவனம், தன் அட்டைகள் மூலம் பணம் பெறும் வயது வந்தோர் தளங்கள் படத்தில் தோன்றுவோரின் அடையாளத்தையும் இசைவையும் ஆவணப்படுத்த வேண்டும் என்று விதித்தது. தயாரித்தவர் யாரென்று சொல்லாத, இத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லாத "வீட்டு வீடியோ" எவ்வளவு இயல்பாகத் தோன்றினாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த இயல்புக்குக் காரணம், தாம் படம்பிடிக்கப்படுவது அதில் தோன்றுவோருக்குத் தெரியாமல் இருந்ததாகவும் இருக்கலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: எங்கள் ஊர் சிறியது, ஒருவருடைய அந்தரங்கப் படம் ஒரு வாட்ஸப் குழுவில் விழுந்தால் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை போய்ச்சேர ஒரு மாலைப்பொழுது போதும்.

இலங்கையில் 1927ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. ஆகவே இப்படங்களைப் பகிர்வதும் விற்பதும் ஆபத்தானவை.

தம்பதியராகப் பார்ப்பவர்கள், இருவரில் ஒருவர் பேச்சை நிறுத்தி மௌனமானால் படத்தையும் நிறுத்துங்கள். என்ன பிடித்தது என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில் மனம் ஒட்டவில்லை என்று கேளுங்கள். பதில் வரும் வரை திரையை மீண்டும் திறக்க வேண்டாம்.